மேலதிகாரியைத் தாண்டிப் போன கடிதங்கள்: அயர்லாந்தில் கேப்டன் வால்டர் ராலே, 1580–82

எதற்காக இந்த ஆய்வு

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் படைத்தலைவரும் அரண்மனை மனிதருமான வால்டர் ராலே என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு மேலங்கி. முதலாம் எலிசபெத் ராணி சேற்றைக் கடக்கத் தயங்கி நின்றாராம், இளைஞர் ராலே தன் விலையுயர்ந்த அங்கியைக் கழற்றி விரித்தாராம், அன்றோடு அவர் வாழ்க்கையே மாறிப்போனதாம். இந்தக் கதையை நமக்குச் சொன்னவர் தாமஸ் ஃபுல்லர் என்ற ஆங்கில எழுத்தாளர். அவருடைய நூல் அச்சான ஆண்டு 1662. ராலே தலை வெட்டப்பட்டு 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. ராலே காலத்து ஆவணம் எதுவும் இதைச் சொல்லவில்லை.

ஆவணங்கள் சொல்வது வேறு கதை. நூறு காலாட்படையினருக்குத் தலைவராக அயர்லாந்துக்குப் போன ஒரு சாதாரணக் கேப்டன், தன் மேலதிகாரிகளைத் தாண்டி லண்டனுக்கு நேராக எழுதத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குள் அவரைத் திரும்பக் களத்துக்கு அனுப்ப ராணிக்கே மனமில்லை. நேராக எழுதும் அந்த முடிவை ராலே ஏன் எடுத்தார், அது ஏன் பலித்தது, பலித்ததற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். மேலங்கிக் கதை இனிமையானதுதான். ஆனால் ஒருவர் எப்படி மேலே வந்தார் என்ற கேள்வியையே அது மூடிவிடுகிறது.

பின்னணி

ராலே பிறந்தது இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் பகுதியில், ஈஸ்ட் பட்லி ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஹேய்ஸ் பார்ட்டன் என்ற பண்ணை வீட்டில். ஆண்டு 1552 என்பார்கள், 1554 என்பார்கள். அப்பாவுக்கு அவர் கடைசி மகன். குடியிருந்த வீடே குத்தகை வீடு. நிலம் மூத்தவருக்குப் போகும் நாட்டில் கடைக்குட்டிக்குக் கிடைப்பது குடும்பப் பெயர் மட்டும்தான்.

ஆனால் அம்மா வழி உறவு கனமானது. அம்மா கேத்தரினின் முதல் திருமணத்தில் பிறந்த ஹம்ஃப்ரி கில்பர்ட், போர்வீரராகவும் கடலோடியாகவும் பெயர் எடுத்தவர். எலிசபெத்தைச் சிறுவயது முதல் வளர்த்த கேட் ஆஷ்லியும் கேத்தரினுக்கு நெருங்கிய உறவு. அரண்மனைக் கதவைத் தட்ட ஒரு காரணம் அந்தக் குடும்பத்துக்கு எப்போதும் இருந்தது.

1569-இல், பதினைந்து பதினேழு வயதுப் பையனாக, பிரான்ஸில் புராட்டஸ்டண்டுகள் பக்கம் நின்று சண்டையிடப் போனார். மொன்கோந்தூர் தோல்விக்குப் பின் படை பின்வாங்கியதை நேரில் பார்த்ததாகப் பல ஆண்டுகள் கழித்துச் சிறையில் உலக வரலாறு எழுதும்போது அவரே சொல்கிறார். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரி. பட்டம் வாங்காமல் வெளியே வந்தார். 1575-இல் லண்டனில் மிடில் டெம்பிள் என்ற வழக்கறிஞர் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே சட்டத்தில் ஒரு வார்த்தைகூடப் படிக்கவில்லை என்று 1603-இல் தன் மீதான வழக்கிலேயே சத்தியம் செய்தார். 1578-இல் கில்பர்ட்டின் கடற்பயணத்தில் ஃபால்கன் என்ற கப்பலுக்குத் தலைவரானார். அடிபட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பினார்கள். 1580 தொடக்கத்தில் இரண்டு முறை சண்டை போட்டு இரண்டு முறை சிறைக்குப் போனார். இரண்டாவது சண்டை வெஸ்ட்மின்ஸ்டரில் டென்னிஸ் ஆடும் இடத்துக்குப் பக்கத்தில் நடந்தது.

வயது இருபத்தைந்தைத் தாண்டியாயிற்று. நிலம் இல்லை, பட்டம் இல்லை, தொழில் இல்லை. அந்த ஜூலையில்தான் அயர்லாந்துக்கு ஒரு கேப்டன் பதவி கிடைத்தது. லண்டனில் திரட்டிய நூறு பேரோடு கார்க் நகரில் இறங்கினார். அந்த நூறு பேரில் ஒருவர் பெயரும் இந்தக் கதையில் நமக்குக் கிடைக்காது.

களத்தில் கண்டது

அயர்லாந்தின் தெற்கே மன்ஸ்டர் மாகாணத்தில் அப்போது நடந்தது டெஸ்மண்ட் குடும்பத்தின் இரண்டாவது கிளர்ச்சி. ஆங்கில ஆட்சி தங்கள் பரம்பரை அதிகாரத்தைப் பிடுங்குகிறது என்ற கோபமும், கத்தோலிக்க மதத்தைக் காக்கும் போர் என்ற அறைகூவலும் அதில் சேர்ந்திருந்தன. மன்ஸ்டரில் ஆங்கிலப் படைக்குத் தலைவர் ஆர்மண்ட் பிரபு. அவர் அயர்லாந்துக்காரர், டெஸ்மண்டின் பரம்பரை எதிரி, ராணிக்கு அம்மா வழியில் உறவும்கூட. எல்லோருக்கும் மேலே ராணியின் பிரதிநிதியாக லார்ட் கிரே 1580 ஆகஸ்டில் வந்து சேர்ந்தார். வந்த மாதமே கிளென்மலூர் பள்ளத்தாக்கில் படுதோல்வி கண்டார்.

ராலேக்கு வந்த முதல் வேலைகளில் ஒன்று விசாரணை. டெஸ்மண்ட் பிரபுவின் தம்பி ஜேம்ஸ் பிடிபட்டிருந்தார். விசாரித்த ஆணையத்தில் ராலேயும் ஒருவர். அந்தத் தம்பியைத் தூக்கிலிட்டு, உடலைத் துண்டாக்கி, கார்க் நகர வாயிலில் வைத்தார்கள்.

அடுத்தது ஸ்மெர்விக். இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிட எனக்கு விருப்பமில்லை.

1580 செப்டம்பரில் போப்பாண்டவர் அனுப்பிய, பெரும்பாலும் இத்தாலியர்களும் ஸ்பானியர்களுமான சுமார் 600 பேர் கெர்ரிக் கடற்கரையில் ஸ்மெர்விக் என்ற இடத்தில் இறங்கி ஒரு மண்கோட்டையில் நிலைகொண்டார்கள். நவம்பரில் கிரே தரையிலிருந்தும் ஆங்கிலக் கப்பல்கள் கடலிலிருந்தும் அந்தக் கோட்டையை அடித்தன. சில நாட்களில் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். ஆயுதங்களை வாங்கி வைத்த பிறகு, உள்ளே சில படைப்பிரிவுகளை அனுப்பியதாகவும், அவர்கள் உடனே கொல்லத் தொடங்கியதாகவும், 600 பேர் இறந்ததாகவும் கிரேயே ராணிக்கு எழுதினார். பணயத்தொகை கிடைக்கக்கூடிய அதிகாரிகள் சிலர் மட்டும் தப்பினார்கள். கோட்டையில் இருந்த ஐரிஷ் ஆண்களையும் பெண்களையும் தூக்கிலிட்டார்கள்.

அன்றைய முறைக் காவலில் இருந்த இரண்டு கேப்டன்களில் ஒருவர் ராலே என்கிறார் வரலாற்றாசிரியர் ஜான் ஹுக்கர். கிரேயின் கடிதத்தில் ராலே பெயர் இல்லை என்பதால் இதைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. என் கணிப்பில் ஹுக்கரை நம்பலாம். ஏனென்றால் ஹுக்கர் ராலேயின் எதிரி அல்ல. டெவன்காரர், தன் அயர்லாந்து வரலாற்றை ராலேக்கே காணிக்கையாக்கியவர். அவர் அதைப் பழியாக எழுதவில்லை, சேவைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதினார்.

அதே காரணத்தால் ஹுக்கர் சொல்லும் வீரக் கதைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். 1581 தொடக்கத்தில் யால் ஊரிலிருந்து கார்க்குக்கு ஒரு சிறு குழுவோடு போகும்போது ஆற்றுத்துறையில் எதிரிகள் மறித்தார்கள். ராலே கடந்துவிட்டார். பின்னால் வந்த ஒருவர் நடு ஆற்றில் குதிரையிலிருந்து விழ, ராலே திரும்பிப் போய் அவரை மீட்டு, மற்றவர்கள் வரும்வரை ஒரு கையில் கைத்துப்பாக்கியும் மறு கையில் தடியுமாக நின்றார் என்கிறார் ஹுக்கர். இன்னொரு முறை, சந்தேகத்துக்குரிய ரோச் பிரபுவின் கோட்டைக்குள் சில ஆட்களோடு பேசப் போவதுபோல் நுழைந்து, மெல்ல மெல்ல மற்ற ஆட்களையும் உள்ளே இழுத்து, பிரபுவையும் அவர் மனைவியையும் இரவோடு இரவாக, புயலில், கார்க்குக்குக் கொண்டுவந்தார். விசாரணையில் ரோச் மீது குற்றம் நிற்கவில்லை. துணிச்சல் அவருக்கு இருந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் இப்படித் துணிந்த கேப்டன்கள் அயர்லாந்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் யாரையும் ராணி பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

எடுத்த முடிவு: நேராக எழுதுவது

1581 பிப்ரவரியில் கார்க்கிலிருந்து ராலே ராணியின் செயலாளர் வால்சிங்கமுக்கு எழுதினார். படைத்தலைமை வரிசையில் அவர் எங்கோ கீழே இருந்தார். ஆர்மண்ட் அவருக்கு மேலே. அந்தக் கடிதம் ஆர்மண்டைப் பற்றியது. இரண்டு ஆண்டுகளாக அவர் தலைமை தாங்கியும், தொடங்கிய நாளைவிட ஆயிரம் துரோகிகள் கூடியிருக்கிறார்கள் என்பது ராலேயின் குற்றச்சாட்டு. தன் அண்ணன் கில்பர்ட், இப்போதைய படையில் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, இதற்குச் சற்றும் குறையாத கிளர்ச்சியை இரண்டே மாதத்தில் முடித்தார் என்றும் எழுதினார்.

கில்பர்ட் அதை முடித்த விதம் எல்லோருக்கும் தெரியும். 1569-இல் மன்ஸ்டரில் அன்றன்று கொல்லப்பட்டவர்களின் தலைகளைத் தன் கூடாரத்துக்குப் போகும் வழியின் இருபுறமும் அடுக்கிவைப்பார். பேச வருகிறவர்கள் தங்கள் அப்பா, அண்ணன், பிள்ளையின் முகங்களுக்கு நடுவே நடந்து வரவேண்டும். உடன் இருந்த ஒருவரே இதைப் பாராட்டாக எழுதி வைத்திருக்கிறார். ராலே முன்மாதிரியாகக் காட்டியது இந்த ஆளுமையைத்தான். போர் கொடூரமாக நடக்கிறது என்று அவர் புகார் சொல்லவில்லை. மெதுவாகவும் இரக்கத்தோடும் நடக்கிறது என்றுதான் சொன்னார்.

கார்க்குக்குப் பக்கத்தில் பாரி கோர்ட் என்ற கோட்டையைத் தனக்குத் தரும்படியும் அதே மாதம் கேட்டார். பொதுநல ஆலோசனையும் சொந்த விண்ணப்பமும் ஒரே காலத்தில் ஒரே கைக்குப் போயின. கிரே இந்த விஷயத்தை இழுத்தடித்தபோது, கிரேயைப் பற்றியும் அவர் குரல் மாறியது. 1581 ஆகஸ்டில் லிஸ்மோரிலிருந்து ராணியின் நெருங்கிய ஆளான லெஸ்டர் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், கிரே உங்கள் ஆள் என்பதால்தான் இந்தச் சிறிய பதவியில் இருக்கிறேன், இல்லாவிட்டால் ஆடு மேய்ப்பதை எவ்வளவு கேவலமாக நினைப்பேனோ அவ்வளவு கேவலமாக இதையும் நினைப்பேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

ஏன் இப்படிச் செய்தார்? அவர் இடத்தில் இருந்து பார்த்தால் கணக்கு விளங்கும். களத்தில் எவ்வளவு உழைத்தாலும் பலன் மேலே போகும் வழி கிரேயின் மேசை. கிரேக்கு வேண்டியவர்கள் வேறு. படையினர் சம்பளம் தாமதமாகிறது, கோட்டை கைக்கு வரவில்லை, போர் முடிகிற மாதிரியும் இல்லை. லண்டனில் அவர் கடிதத்தைப் பிரிக்க ஆள் இருந்தார்கள். அது அம்மா வழி உறவும் கில்பர்ட்டின் பெயரும் தந்த சலுகை. அந்தச் சலுகை இல்லாத வேறொரு கேப்டன் இதே கடிதத்தை எழுதியிருந்தால் ஒழுங்கு மீறல் என்று பதவி போயிருக்கும்.

இன்னொன்றையும் அவர் சரியாகக் கணித்திருந்தார். லண்டனுக்கு அப்போது வேண்டியிருந்தது வெற்றிச் செய்தியைவிடச் செலவுக் குறைப்பு. அயர்லாந்துப் போர் கஜானாவைக் கரைத்துக்கொண்டிருந்தது. ராணி காசு விஷயத்தில் எவ்வளவு கறாரானவர் என்பது ஊருக்கே தெரிந்ததுதான்.

பின்னர் நடந்தது

ஆர்மண்ட் 1581 வசந்தத்தில் பதவி நீக்கப்பட்டார். ராலே கடிதம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அவர் மேல் புகார் சொன்னவர்கள் பலர். ஆனால் அடுத்த சில மாதங்கள் மன்ஸ்டரின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட சிறு குழுவில் ராலேயும் இருந்தார்.

டிசம்பரில் அரசாங்கக் கடிதங்களை எடுத்துக்கொண்டு லண்டன் வந்தார். அந்தப் பயணத்துக்கு 20 பவுன் கொடுத்த கணக்கு இருக்கிறது. வந்ததும் மன்ஸ்டர் படைச்செலவைக் குறைக்கும் திட்டம் ஒன்றை ராணியிடம் கொடுத்தார். செலவின் ஒரு பங்கை மாகாணத்தின் மீதே ஏற்றலாம் என்பது அதன் சாரம். நிதிப் பொறுப்பில் இருந்த பர்லி பிரபு அதைக் கிரேக்கு அனுப்பி விளக்கம் கேட்டார். தன் கீழ் இருந்த கேப்டனின் யோசனைக்குத் தானே பதில் எழுதவேண்டிய நிலை கிரேக்கு! நடைமுறைக்கு ஒத்துவராது என்று 1582 ஜனவரியில் மறுத்து எழுதினார். சில மாதங்கள் கழித்து வால்சிங்கமுக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் வெளிப்படையாகவே பேசினார்: ராலேயின் நடத்தையும் எனக்குப் பிடிக்கவில்லை, அவரோடு பழகுவதும் பிடிக்கவில்லை, மேலிடக் கட்டளையும் அவருடைய உரிமையும் கட்டாயமாக்குவதைத் தவிர என்னிடமிருந்து அவர் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அதற்குள் ராணியின் முடிவு வந்துவிட்டது. 1582 ஏப்ரலில், அயர்லாந்தில் தலைவர் இறந்து காலியாக இருந்த ஒரு படைப்பிரிவை ராலேக்குக் கொடுக்க உத்தரவானது. போர்ப் பயிற்சி கூடட்டும் என்று அதில் காரணம் எழுதியிருந்தது. ஆனால் சில காரணங்களால் அவர் இங்கிலாந்திலேயே இருப்பார், அவருக்குப் பதில் ஒரு துணைத்தலைவர் படையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் அதே உத்தரவு சொன்னது. சம்பளம் மன்ஸ்டரில், ஆள் அரண்மனையில். ஆகஸ்டில் கிரே திரும்ப அழைக்கப்பட்டார். அக்டோபரில் ராலே இன்னொரு ஆலோசனை தந்தார். டெஸ்மண்டுக்குப் பயந்து கிளர்ச்சியில் நிற்கும் சிறு பிரபுக்களைத் தனித்தனியே ராணி பக்கம் இழுத்துவிடலாம் என்பது அது. எனக்குத் தெரிந்தவரை அயர்லாந்தைப் பற்றி அவர் சொன்னதில் உருப்படியான யோசனை இதுதான்.

கிரேயும் ராலேயும் ஆலோசனை மன்றத்தில் நேருக்கு நேர் வாதாடினார்கள், ராலே பேச்சில் ராணி மயங்கினார் என்று பிற்காலத்தில் ராபர்ட் நான்டன் எழுதினார். அப்படி ஒரு நாள் நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். கடிதங்களே போதுமான சாட்சி.

அப்புறம் வந்தவை வேகமாக வந்தன. 1583-இல் தேம்ஸ் கரையில் டரம் மாளிகையில் குடியிருக்கும் உரிமையும், மது விற்பவர்களிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கும் உரிமையும் கிடைத்தன. 1584-இல் அமெரிக்காவில் குடியேற்றம் அமைக்கும் உரிமைப் பத்திரம். 1585 ஜனவரியில் 'சர்' பட்டம். அதே ஆண்டு டெவன், கார்ன்வால் தகரச் சுரங்கங்களின் அதிகாரி. 1587-இல் ராணியின் மெய்க்காவல் படைத் தலைவர். மன்ஸ்டரில் பறிமுதலான நிலத்தை ஆங்கிலேயருக்குப் பங்கிட்டபோது ஒருவருக்கு உச்சவரம்பு 12,000 ஏக்கர். ராலேக்குக் கிடைத்தது 42,000.

அந்த நிலத்தில் அதற்கு முன் என்ன நடந்தது? கிளர்ச்சியை ஒடுக்கப் பயிரைக் கொளுத்தி, மாட்டை ஓட்டிச் சென்றதால் பஞ்சம் வந்தது. அரை ஆண்டுக்குள் மன்ஸ்டரில் 30,000 பேர் செத்தார்கள் என்று 1582-இல் கார்க்கிலிருந்து ஓர் ஆங்கில அதிகாரியே கணக்குச் சொன்னார். கிரேயின் செயலாளராக இருந்த கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர், காட்டிலிருந்து கை ஊன்றித் தவழ்ந்து வந்த மனிதர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே ஸ்பென்சர் அந்தப் போர்முறையை ஆதரித்தவர் என்பதால் அவர் மிகைப்படுத்தினார் என்று ஒதுக்குவது கடினம்.

விளைவு எங்கே போய் முடிந்தது

ராலேயின் உயர்வு ராணியின் தயவு என்ற ஒரே ஒரு தூணில் நின்றது. படையில் கிரே போன்றவர்களைப் பகைத்தாயிற்று. அரண்மனையில் பழைய குடும்பங்களுக்கு அவர் டெவனிலிருந்து வந்த புதுப்பணக்காரர். மது உரிமை போன்ற சலுகைகளால் வியாபாரிகளுக்கும் வெறுப்பு. 1587-இல் எசெக்ஸ் பிரபு என்ற இருபத்தொரு வயது இளைஞர் ராணியின் பார்வையில் விழுந்ததும் ராலேயின் இடம் ஆட்டம் கண்டது.

1591-இல் ராணியின் பணிப்பெண்களில் ஒருவரான எலிசபெத் த்ராக்மார்டனை ரகசியமாக மணந்தார். அடுத்த மார்ச்சில் குழந்தை பிறந்தது. செய்தி வெளியானதும் 1592 கோடையில் கணவன் மனைவி இருவரும் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார்கள். அவருக்காகப் பரிந்து பேச வலுவான ஒரு கூட்டம் அரண்மனையில் இல்லை.

வெளியே கொண்டுவந்தது ஒரு கப்பல். கோவாவிலிருந்து மிளகும் கிராம்பும் நகையுமாக லிஸ்பனுக்குப் போய்க்கொண்டிருந்த மாத்ரே தே தேயுஸ் என்ற போர்ச்சுகீசியக் கப்பலை ஆங்கிலேயர் அசோர்ஸ் தீவுகள் அருகே பிடித்து டார்ட்மத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாலுமிகளும் ஊராரும் சரக்கைச் சூறையாடினார்கள். அந்த மாலுமிகள் மதித்தது ராலேயைத்தான் என்பதால் காவலோடு அவரை அங்கே அனுப்பினார்கள். ராணிக்குப் பெரும் பங்கு கிடைத்தது, ராலேக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் 1597 வரை அவர் அரண்மனையில் தன் பதவியைப் பார்க்க முடியவில்லை.

எதை மாற்றியிருக்கலாம்

மேலதிகாரியைத் தாண்டி எழுதியதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆர்மண்டின் தலைமையில் போர் இழுபட்டது உண்மை. அதை லண்டன் அறிய வேண்டியிருந்தது. குறை இருந்தது எழுதிய விதத்தில். களநிலவரமும் பாரி கோர்ட் விண்ணப்பமும் கலந்ததால், எது மதிப்பீடு, எது ஆசை என்று படிப்பவர் பிரிக்க முடியாமல் போனது. கிரே அந்த ஆலோசனைகளை முழுவதும் தனிப்பட்ட பேராசை என்று தள்ளிவிட அது இடம் கொடுத்தது. செலவுத் திட்டத்தை முதலில் கிரேயிடமே வைத்து, அவர் மறுப்பையும் சேர்த்து லண்டனுக்குக் கொண்டுபோயிருந்தால் இவ்வளவு பகை வந்திருக்காது. உயர்வும் இவ்வளவு வேகமாக வந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

லண்டன் பக்கத்துத் தவறு இதைவிடப் பெரிது. வால்சிங்கமும் பர்லியும் ஒரு கேப்டனின் கடிதத்தைத் தனி உளவு போலப் பயன்படுத்தினார்கள். செலவு எவ்வளவு குறையும் என்று கேட்டார்கள். பிடிபட்டவர்களை என்ன செய்தீர்கள், விளைநிலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற கேள்விகளுக்கு அந்த முடிவுகளில் எடை இல்லை. போரை மாதக் கணக்கிலும் பவுன் கணக்கிலும் மட்டும் அளந்தால், கில்பர்ட்டின் முறையே சிறந்த முறையாகத் தெரியும். ராலேயின் கடிதம் அந்த அளவுகோலுக்கு ஏற்றபடிதான் எழுதப்பட்டது.

டெஸ்மண்ட் பிரபு 1583 நவம்பரில் கொல்லப்பட்டார். அவர் நிலத்திலிருந்து ராலேக்கு வந்த 42,000 ஏக்கரில் குடியேற்றம் நிலைக்கவில்லை. 1598-இல் மன்ஸ்டர் மறுபடி கிளர்ந்தபோது ஆங்கிலக் குடியேறிகள் ஓடினார்கள். 1602-இல் ராலே அந்த நிலத்தை ரிச்சர்ட் பாயில் என்பவருக்கு 1,500 பவுனுக்கு விற்றுவிட்டார்.